கிடாயா, ஸ்பாஞ்சா, சினை ஊசியா? மலையகத்தில் ஆடு வளர்ப்பவருக்கு ஓர் ஒப்பீடு

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "லயத்துக்குப் பின்னால் ஆறு பெட்டை ஆடுகள் நிற்கின்றன, அண்ணா. சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. நல்ல போயர் இனக் கிடாய் ஒன்று வாங்கிவிடட்டுமா, மாட்டுக்குப் போடுவதுபோல் விந்தைச் செலுத்தும் சினை ஊசி போட்டால் செலவு குறையுமா?" சில நாள் கழித்து வெலிமடையிலிருந்து ஓர் அக்கா எழுதினார். அவரிடம் சானன் என்ற பால் இனத்தின் கலப்பில் இருபத்திரண்டு ஆடுகள். பால்தான் வருமானம். எல்லா ஆட்டையும் ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவரும் ஸ்பாஞ்சை வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

இருவருக்கும் நான் சொல்லப்போவது வேறு வேறு. ஆட்டின் எண்ணிக்கை வேறு என்பது ஒரு காரணம். பகலில் கொட்டிலருகே ஆள் இருக்கிறாரா என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எதை வைத்து அளப்பது

வெள்ளாடு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்தப் பருவம் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நிற்கும். கருமுட்டை வெளிப்படுவது அதன் கடைசிப் பகுதியில், பெரும்பாலும் பருவம் தொடங்கி 30 மணி நேரம் கடந்த பிறகு. இந்தக் கணக்கைத் தோட்டத்து வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் குடும்பம் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும்போது மாலையாகிவிடும். ஆடு காலை பத்து மணிக்கு வாலை ஆட்டிக் கத்தத் தொடங்கினால் அதைக் காண்பவர் யார்? கிடாய்க்கு இந்தக் கேள்வியே இல்லை, அது மோந்தே அறிந்துகொள்ளும். ஊசி போடுபவருக்கோ மனிதர் ஒருவர் கண்டு சொல்ல வேண்டும். ஆகவே எந்த முறையைத் தேர்ந்தாலும் நான் முதலில் கேட்பது, பருவத்தைக் காண உங்கள் வீட்டில் கண் இருக்கிறதா என்பதைத்தான்.

அடுத்தது, தவறினால் என்ன போகும் என்பது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீனி வீண். இரண்டு தவறினால் ஒன்றரை மாதம். ஆட்டின் சினைக்காலம் 150 நாள்தான். அதை வைத்துப் பார்த்தால் இந்தத் தாமதம் சிறியதல்ல.

குட்டி எந்த மாதத்தில் விழுகிறது என்பதைப் பலர் யோசிப்பதேயில்லை. நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை. நாட்டு ஆடுகள் வருடம் முழுவதும் பருவத்துக்கு வரும். அதனால் நாம் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்கவும் வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும். அந்த ஈரக் குளிரில் பிறக்கும் குட்டி முதல் மூன்று நாளைத் தாண்டுவதே பாடு. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை குட்டி விழுவது நல்லது. ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, வெலிமடையில், வடகீழ்ப் பருவமழைதான் கனத்தது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்திருக்கும். மலையின் இந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கத்துக்காரரின் மாதத்தைப் பார்த்துக் கிடாய் சேர்த்தால் குட்டிகளைத்தான் இழப்பார்.

இன்னொன்று, இரத்தம். ஒரே கிடாய் நான்கைந்து வருடம் ஒரே தோட்டத்தில் நின்றால் தன் மகள்களையே சினைப்படுத்தும். தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியின் உள்ளினக் கலப்பு 25 வீதம். எடை குறைவு, பலவீனமான குட்டிகள், பிடிக்காத சினை என்று அதன் விளைவு மெல்லத் தெரியவரும். அப்போது பழி தீனியின்மேல் விழும்.

இவற்றோடு வேலை தெரிந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், தோட்டத்துப் பாதையில் வண்டி ஏறுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலையைக் கடைசியில் பாருங்கள். விலையை முதலில் பார்த்தவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள்.

கிடாய்: சொந்தமா, பங்கா

நன்றாகத் தின்று தெம்பாக இருக்கும் பத்து ஆடுகளை நல்ல கிடாயோடு சேர்த்தால் ஏழெட்டு ஆடுகள் முதல் பருவத்திலேயே சினை பிடிக்கும். எந்தத் தொழில்நுட்பமும் இதைச் சுலபமாக வெல்வதில்லை. ஒரு கிடாய் இருபது முப்பது ஆடுகளைத் தாங்கும். அப்படியானால் ஆறு ஆட்டுக்கு ஒரு கிடாய் என்பது அதன் திறனில் பெரும்பகுதியை வீணாக்குவது. அது வருடம் முழுவதும் தின்னும். லயத்தில் இடமும் இல்லை. கிடாயின் வாடை பக்கத்துக் காம்பராவுக்குப் போய்ச் சண்டையில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் ஆதரிப்பது பங்குக் கிடாய். ஒரு தோட்டத்தின் இரண்டு மூன்று டிவிசன்களில் ஆடு வைத்திருக்கும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, இடமுள்ள ஒருவர் வளர்த்து, மற்றவர்கள் தீனிக்குப் பங்கு கொடுப்பது. பருவத்துக்கு வந்த ஆட்டை நடத்திக் கூட்டிப்போய் சேர்த்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை சேர்த்தால் போதும். இரண்டு வருடத்துக்கு மேல் அதே கிடாயை வைத்திருக்கக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக் கூட்டத்தோடு கிடாய்க்குக் கிடாய் மாற்றிக்கொள்ளலாம். இந்த மாற்றத்தை எழுதி வைக்காத கூட்டங்களில் மூன்றாம் வருடம் யாருக்கும் கிடாயை விட மனம் வருவதில்லை.

மறைந்த செலவுகள் இங்கும் உண்டு. கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா போன்ற நோய் ஒரு கொட்டிலிலிருந்து இன்னொன்றுக்குப் பரவப் பங்குக் கிடாய் பாலமாகிவிடும். வாங்கும் முன்பு அரச கால்நடை வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கிடாய்க்குக் காய்ச்சல் வந்தால் அதன் விளைவு இரண்டு மாதம் வரை நீளும். புதிய விந்தணு உருவாகி முதிர்ந்து வர ஏறத்தாழ அவ்வளவு காலம் எடுக்கும். "கிடாய் ஏறுகிறது, ஆனால் சினை பிடிக்கவில்லை" என்ற முறைப்பாட்டைக் கேட்கும்போது, இரண்டு மாதத்துக்கு முன்பு அது நோயில் கிடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

வாங்கும்போது இரட்டைக் குட்டியாகப் பிறந்ததா, விதைகள் இரண்டும் இறங்கிச் சமமாகவும் இறுக்கமாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சானன் கலப்பு வைத்திருப்பவர்கள் பிறவியிலேயே கொம்பில்லாத கிடாயையும் அதேபோன்ற பெட்டையையும் சேர்க்கக் கூடாது. கொம்பில்லாமைக்குக் காரணமான மரபணு மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால், பெட்டைக் குட்டி இருபாலும் கலந்ததாக, மலடாகப் பிறக்கும். இருவரில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.

இனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னாபிரிக்காவின் போயரும், உத்தரப் பிரதேசத்தின் ஜமுனாபாரியும் காய்ந்த நிலத்து ஆடுகள். நுவரெலியாவின் ஈரத்தில் அவற்றுக்குக் குளம்பழுகலும் குடற்புழுவும் எளிதில் வரும். தரையிலிருந்து உயர்த்திய பலகைப் பரண் இல்லாதவர் அந்தக் கிடாய்க்குக் காசு போட வேண்டாம். சின்ன உடம்புள்ள நாட்டு ஆட்டுக்கு, அதுவும் தலையீற்று ஆட்டுக்கு, போயரைச் சேர்த்தால் குட்டி பெரிதாகி ஈனும்போது சிக்கும் அபாயமும் உண்டு.

பருவத்தை ஒன்றாக்குவது: ஸ்பாஞ்சும் ஹார்மோன் ஊசியும்

இது தனியாகச் சினைப்படுத்தாது. கிடாய்க்கோ சினை ஊசிக்கோ நாள் குறித்துக் கொடுக்கும் வேலை மட்டும்தான். புரோஜெஸ்டரோன் வகை மருந்து ஊறிய ஸ்பாஞ்சை ஆட்டின் யோனிக்குள் 11 முதல் 14 நாள் வரை வைத்து எடுப்பார்கள். எடுக்கும் சமயத்தில், சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து பெறும் ஹார்மோனை ஊசியாகப் போடுவதுண்டு. எடுத்து ஒன்று இரண்டு நாளில் பெரும்பாலான ஆடுகள் பருவத்துக்கு வரும். இன்னொரு வழி, புரோஸ்டாகிளாண்டின் ஊசியை 10 அல்லது 11 நாள் இடைவெளியில் இரண்டு முறை போடுவது.

பகலில் வீட்டில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு இதில் உண்மையான நன்மை இருக்கிறது. எப்போது வரும் என்று 21 நாள் காத்திருப்பதற்குப் பதிலாக, இரண்டு நாள் மட்டும் வீட்டில் நின்றால் போதும். இரண்டு பெயர், அதாவது இரண்டு நாள் கூலிதான் போகும்.

ஆனால் புரோஸ்டாகிளாண்டின் பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டின் சினை கடைசி நாள் வரை சூலகத்தில் சினையைக் காக்கும் ஹார்மோனைச் சுரக்கும் மஞ்சள் உடலை நம்பியே நிற்கிறது. இந்த ஊசி அந்த மஞ்சள் உடலைக் கரைத்துவிடும். சினை ஆட்டுக்குப் போட்டால் எந்த மாதத்திலும் கரு கலையும். எங்கள் கொட்டிலில் இது நடந்தது. கிடாய்க் குட்டியொன்றைக் காயடிக்காமல் பெட்டைகளோடு விட்டிருந்தோம். அதற்கு நான்கு மாதம்தான், அதற்குள் என்ன செய்துவிடும் என்று நினைத்தோம். ஊசி போட்ட மூன்றாம் நாள் ஒரு ஆடு கலைத்துப்போட்டது. அதன் வயிற்றில் இரண்டு இருந்தன. ஊசி போட வந்தவர் சினையா என்று கேட்டார், நாங்கள் இல்லை என்றோம். நம்பிப் போட்டார். அதன் பிறகு மூன்று மாதம் கடந்த கிடாய்க் குட்டி எதையும் நாங்கள் பெட்டைகளோடு விடுவதில்லை.

அதைவிட முக்கியம், இந்த மருந்து தோல் வழியாக மனித உடம்புக்குள்ளும் போகும். கர்ப்பிணிகளும், ஆஸ்துமா உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது. லயங்களில் ஆட்டைப் பிடித்துக்கொடுப்பது பெரும்பாலும் பெண்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அன்று வேறொருவர் ஆட்டைப் பிடிக்கட்டும். வெட்கப்படாமல் இதை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

வேறு செலவுகளும் இருக்கின்றன. ஒன்றாகப் பருவத்துக்கு வந்த ஆடுகள் ஒன்றாகவே ஈனும். மூன்று நாளில் இருபது குட்டி விழுந்தால் சீம்பால் குடிக்க வைக்கவும், ஈரம் துடைக்கவும், இரவில் விழித்திருக்கவும் ஆள் வேண்டும். கிடாயும் திணறும். இயல்பான பருவத்தில் இருபதைத் தாங்குவது, ஒன்றாக்கிய ஆடுகளில் ஒரு நாளுக்கு ஐந்து முதல் பத்தைத்தான் சரியாகச் செய்யும். குதிரை ஹார்மோனை அடிக்கடி போட்டால் ஆட்டின் உடம்பு அதற்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிக்கொண்டு, அடுத்தடுத்த முறை பலன் குறையும். மெலிந்த ஆட்டுக்கு இதில் எதுவுமே பலிக்காது. முதுகெலும்பைத் தடவும்போது முனை முனையாகக் குத்தினால் அந்தக் காசுக்குப் புல்லும் முள்முருங்கை இலையும் புண்ணாக்கும் போடுங்கள்.

சினை ஊசி: குளிரூட்டிய விந்தும் உறைந்த விந்தும்

மலையகத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போடுவது பழகிப்போன வேலை. அதனால் ஆட்டுக்கும் அதுபோலத்தான் என்று நினைக்கிறோம். ஆடு வேறு. மாட்டில் கையை உள்ளே விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆட்டில் முடியாது. குழாயும் விளக்கும் வைத்துப் பார்த்துத்தான் செலுத்த வேண்டும். விந்தும் வேறு. ஆட்டு விந்துப் பாய்மத்தில் இருக்கும் ஒரு நொதி, உறைய வைக்கும் கலவையில் சேர்க்கும் முட்டை மஞ்சட்கருவோடு வினைபுரிந்து விந்தணுக்களையே கெடுத்துவிடும். அதனால் உறைய வைக்கும் முன் விந்தைக் கழுவுவதோ, மஞ்சட்கருவைக் குறைப்பதோ வழக்கம். விந்தை அடைத்து உறைய வைத்த மெல்லிய குழாயைத்தான் குச்சி என்கிறோம்; நல்ல ஆட்டு விந்துக் குச்சி கிடைப்பது மாட்டினதைவிடக் கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறைந்த விந்தைக் கருப்பைக் கழுத்து வழியாகச் செலுத்தினால், சாதாரணக் கைகளில் பத்துக்கு மூன்று முதல் ஐந்து சினை பிடிக்கும். நாலைந்து பாகையில் குளிரூட்டி, ஒரு நாளுக்குள் பயன்படுத்தும் விந்தில் இதைவிடக் கூடும். ஆனால் அதற்குக் கிடாய் நிற்கும் இடம் சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும்.

உங்களிடம் வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குச்சியை எப்படி இளக்குகிறீர்கள்? 37 பாகை நீரில் அரை நிமிடம் என்பது பொதுவான பதில். இளக்கிய துளியை நுணுக்குக்காட்டியில் பார்த்தீர்களா? இரண்டாவதற்குப் பெரும்பாலும் மௌனம்தான் வரும். நுவரெலியாவிலோ ஹப்புத்தளையிலோ இன்னொரு ஆபத்தும் உண்டு. 37 பாகையில் இளகிய குச்சியைக் காலைக் குளிரில் வெறும் கையில் ஏந்திக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தால், அந்த நடையிலேயே விந்தணுக்கள் குளிரதிர்ச்சியில் செத்துவிடும். குச்சியைத் துடைத்து, செலுத்தும் குழலில் பொருத்தி, உறையிட்டு, அந்தக் குழலைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு போக வேண்டும்.

நேரம் இதில் பாதி வெற்றி. காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் போடுவது வழக்கமான கணக்கு. யோனியிலிருந்து வடியும் சளி தொடக்கத்தில் கண்ணாடிபோல் இருக்கும், பிறகு கலங்கி வெளுக்கும். கலங்கும் வேளைதான் சரியான வேளை. கிடாய் இல்லாத வீட்டில் பருவம் காண ஒரு பழைய வழி இருக்கிறது. கிடாயின் கொம்படியில், வாடை சுரக்கும் இடத்தில், ஒரு துணியை நன்றாகத் தேய்த்து மூடியுள்ள போத்தலில் அடைத்து வையுங்கள். காலையும் மாலையும் பெட்டைகளுக்கு முகரக் கொடுங்கள். பருவத்தில் இருப்பது துணியை விட்டு நகராது, வாலை விசிறிக்கொண்டே நிற்கும். பிரட்டுக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் போதும்.

கிடாய் வளர்க்க இடமே இல்லாதவருக்கும், பங்குக் கிடாயால் நோய் வந்து அடிபட்டவருக்கும், தங்கள் மலையில் கிடைக்காத இரத்தம் தேவைப்படுபவருக்கும் சினை ஊசி பொருத்தமானது. ஆனால் பிடிக்காத ஆடுகளுக்கு அடுத்த பருவத்தில் ஒரு கிடாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊசியை மட்டும் நம்பி இறங்குபவர் பாதி ஆடுகளை வெறும் வயிற்றோடு வைத்திருக்க நேரும்.

வயிற்றில் துளையிட்டுச் செலுத்துவதும் கருமாற்றமும்

லப்ரஸ்கோப்பி முறையில் ஆட்டைப் பட்டினி போட்டு, மயக்க மருந்து கொடுத்து, தலை கீழாகச் சாய்த்து, வயிற்றில் சிறு துளைகள் வழியே கருவியை விட்டுக் கருப்பைக் கொம்புகளிலேயே விந்தை வைப்பார்கள். உறைந்த விந்திலும் பத்துக்கு ஐந்து முதல் ஏழு பிடிக்கும். விந்தணுவும் குறைவாகவே போதும். வெளிநாட்டு விந்தை அனுமதி பெற்று, விலை கொடுத்துத் தருவிக்கும் இனப் பண்ணைக்கு இது நியாயமான வழி. பயிற்சி பெற்ற வைத்தியரும் கருவியும் இல்லாமல் இது நடக்காது. கொட்டிலில் ஆறு ஆடு நிற்கும் வீட்டுக்கு இது தேவையில்லை.

கருமாற்றம் அதற்கும் மேலே. உயர்ந்த பெட்டைக்கு ஹார்மோன் கொடுத்துப் பல கருமுட்டைகளை வெளிப்படச் செய்து, சினைப்படுத்தி, ஆறேழு நாளில் கருக்களைக் கழுவி எடுத்து, அதே நாளில் பருவத்துக்கு வந்த வாடகைத் தாய்களுக்கு வைப்பார்கள். ஒரு ஆடு பத்துக் கரு தரும், இன்னொன்று ஒன்றுமே தராது. அறுவை செய்து எடுத்தால் உள்ளே தசை ஒட்டிக்கொள்வதால் ஒரே ஆட்டில் பலமுறை செய்யவும் முடியாது. இவை இரண்டும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம், கன்னொறுவையின் கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்களைச் சார்ந்து யோசிக்க வேண்டியவை. யாராவது லயத்துக்கு வந்து கருமாற்றம் செய்து தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

| முறை | பத்தில் எத்தனை சினை | பருவம் காண்பது யார் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பங்குக் கிடாய் | 7–8 | கூட்டிப்போகும் வீட்டார் | நோய், உள்ளினக் கலப்பு | சில ஆடுள்ள குடும்பங்கள் |
| ஸ்பாஞ்ச், பின் கிடாய் | கிடாயின் தெம்பைப் பொறுத்தது | நாள் முன்பே தெரியும் | ஒரே நேரத்தில் ஈற்று, மருந்து ஆபத்து | ஆளும் தீனியும் உள்ள பட்டி |
| சினை ஊசி, உறைந்த விந்து | 3–5 | வீட்டார் | தவறிய பருவங்கள், மாற்றுக் கிடாய் | புதிய இரத்தம் தேடுபவர் |
| லப்ரஸ்கோப்பி | 5–7 | நாள் முன்பே தெரியும் | மயக்கம், கருவி, பயணம் | இனப் பண்ணை |
| கருமாற்றம் | ஆட்டுக்கு ஆடு மாறும் | வைத்தியக் குழு | அறுவை, வாடகைத் தாய்கள் | ஆராய்ச்சி, இனப் பண்ணை |

இருவருக்கும் என் பதில்

வெலிமடை அக்காவுக்கு ஸ்பாஞ்ச் பொருந்தும். ஆனால் இருபத்திரண்டுக்கும் ஒரே நாளில் வேண்டாம். பால் வருடம் முழுவதும் வர வேண்டுமென்றால் ஏழு, ஏழு, எட்டு என்று மூன்று கூட்டமாகப் பிரித்து, இடைவெளி விட்டுச் செய்யுங்கள். ஊவாவில் ஜனவரி, மார்ச் சேர்க்கைகள் ஜூன், ஓகஸ்ட் ஈற்றாகும். மழைக்குள் விழும் கூட்டத்துக்கு மட்டும் கொட்டிலைச் சுற்றி நன்றாக மறைப்புப் போடுங்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் சானன் விந்தில் சினை ஊசி போட்டுப் பார்க்கலாம். ஆட்டு விந்துக் குச்சி இருக்கிறதா என்று உங்கள் கால்நடை வைத்தியர் அலுவலகம் வழியாகக் குண்டசாலை மத்திய செயற்கைச் சினைப்படுத்தல் நிலையத்தில் விசாரியுங்கள். சேர்க்கும் ஆடு ஒவ்வொன்றும் ஈன்று இரண்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

மஸ்கெலியாத் தம்பிக்கு: சீட்டுக் காசு முழுவதையும் கிடாயில் போட வேண்டாம். ஆடு வைத்திருக்கும் இன்னும் நான்கு குடும்பங்களைக் கூப்பிட்டு உட்காருங்கள். கிடாயில் உங்கள் பங்கைப் போட்டு, மீதியில் பலகைப் பரணைக் கட்டுங்கள். ஒரு கொப்பியில் ஆறு ஆட்டின் பெயரையும் எழுதி, பருவம் கண்ட நாளையெல்லாம் இப்போதிருந்தே குறியுங்கள். ஓகஸ்ட் 25 அளவில் சேர்த்தால் ஜனவரி 22 அளவில் குட்டி விழும், மழை குறைந்திருக்கும். ஒக்டோபர் கடைசியில் அந்தக் குட்டிக்கு ஒன்பது மாதம். தீபாவளிக்கு ஆடு தேடி லயத்துக்கு ஆட்கள் வரும் நேரம் அது. பிடிக்காத ஆட்டுக்குச் செப்டெம்பர் 15இல் துணியை மறுபடியும் முகரக் கொடுங்கள்.